ஒரு மணி நேரம் தொடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கேக் படம் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஆப்பமா?" என்றாள். கோபித்துக்கொள்ளாதே. நடுவில் அமுங்கி ஓரம் மட்டும் எழும்பி நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், பாதி காதில் ஏறாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் இன்னொரு முறை செய்து பார்க்க உனக்கு நேரம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. டின்னுக்கு வெண்ணெய் தடவினாயா? தடவியிருப்பாய். மற்ற கேக்குக்கெல்லாம் அது சரி. நீ செய்தது ஷிஃபான், வெள்ளைக் கரு நுரையால் உப்புகிற பஞ்சுக் கேக். அதற்குப் பக்கவாட்டில் தடவவே கூடாது. ஓவனில் மாவு உப்பும்போது டின்னின் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறது, அவரைக்கொடி பந்தலைப் பிடித்து ஏறுகிற மாதிரி. சுவர் வழுக்கினால் ஏறியதெல்லாம் சறுக்கிவிடும். அடியில் மட்டும் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடு, போதும்.

இரண்டாவது, சுடச்சுட டின்னைவிட்டு எடுத்திருக்கிறாய். படத்தில் கேக்குக்குப் பக்கத்திலேயே ஓவன் கையுறை கிடக்கிறதே! வெந்து வெளியே வந்ததும் ஷிஃபான் என்பது முக்கால்வாசி காற்று. அந்தச் சூட்டில் அதற்கு எலும்பு கிடையாது, தன் எடையையே தாங்காது. ஆற ஆறத்தான் உள்ளே இறுகும். அதுவரை அமுங்காமல் இருக்கத்தான் தலைகீழாகத் தொங்கவிடுவது. நடுவில் குழாய் வைத்த டின் என்றால் பாட்டில் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். உன்னிடம் இருப்பது சாதா வட்ட டின். மூன்று டம்ளரை வைத்து, டின்னின் விளிம்பு அவற்றின் மேல் உட்காரும்படி கவிழ்த்துவிடு. கேக் கழன்று விழுந்துவிடுமோ என்று பதைபதைக்கும். விழாது. வெண்ணெய் தடவியிருந்தால்தான் விழும். ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதே. அப்புறம் மெல்லிய கத்தியை ஓரமாகச் சுற்றி ஓட்டி எடு.

இந்த ஷிஃபானைக் கண்டுபிடித்தவர் சமையல்காரரே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர், ஹாரி பேக்கர். பேக்கர் என்பது பேர்தான், தொழில் அல்ல. 1927-ல் வெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெய் ஊற்றிச் செய்து பார்த்தார். ஹாலிவுட் ஆட்களுக்குச் செய்து கொடுத்துக்கொண்டு, இருபது வருஷம் அந்த ரகசியத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். 1947-ல் ஜெனரல் மில்ஸ் கம்பெனிக்கு விற்றார், மறு வருஷம் ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. ஜெனரல் மில்ஸ் எந்த ஊர்? உன் மினியாபொலிஸ்தான்! இங்கே ஹவாயிலிருந்து நான் உனக்குச் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

எண்ணெய் விஷயத்தை ஏன் சொல்கிறேன் என்றால், வெண்ணெய் போட்ட கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டிதட்டிப் போகும். தேங்காய் எண்ணெய் மாதிரி இல்லாத சாதா சமையல் எண்ணெய் ஃப்ரிட்ஜ் குளிரில் அப்படிக் கட்டிதட்டாது. நம் கேக்கில் கிரீம் இருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் ஆகவேண்டும். அதனால் "கொஞ்சம் வெண்ணெயும் சேர்த்தால் ருசியாக இருக்குமே" என்று உன் தோழி சொன்னாலும் கேட்காதே.

இந்தத் தீவில் கொய்யா ஷிஃபான் என்றதும் பழைய ஆட்கள் டீ லைட் பேக்கரி என்பார்கள். மூன்று நிற அடுக்குக்கு, அதாவது கொய்யா, லிலிகோய் என்கிற பேஷன் ஃப்ரூட், எலுமிச்சை மூன்றும் சேர்ந்த பாரடைஸ் கேக்குக்கு, கிங்ஸ் என்பார்கள். ராபர்ட் டைரா என்பவர் 1950-ல் ஹிலோவில் தொடங்கிய கடை அது. 1963-ல் ஹோனலுலுவில் கிங் தெருவுக்கு வந்ததால் அந்தப் பேர். 1977-ல் கலிஃபோர்னியாவில் டோரன்ஸுக்குப் போனது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி டீ லைட் கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை, தட்டில் வைத்தால் தின்பேன். உன் முதல் பிறந்தநாளுக்கு, ஊர் வழக்கப்படி பேபி லூவாவ் விருந்து என்று நூறு பேரைக் கூப்பிட்டோமே, அன்றைக்கும் இந்த மூன்று நிறக் கேக்தான். நீ இரண்டு கையையும் கொய்யாப் பக்கம் முக்கினாய். மொட்டைத் தலையெல்லாம் ரோஸ் நிறம்.

நினைத்துப் பார்த்தால் இதில் எதுவும் இந்த மண்ணில் பிறந்தது இல்லை. கொய்யாவும் லிலிகோயும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக்காட்டிலிருந்து வந்தவை. மவுய் தீவில் லிலிகோய் என்ற இடத்தில் முதலில் நட்டதால் பேஷன் ஃப்ரூட்டுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சின்னச் சிவப்புக் கொய்யா இருக்கிறதே, மனோவா அருவிப் பாதையில் நீ காலால் நசுக்கிக்கொண்டே நடப்பாயே, அது காட்டையே விழுங்குகிறது என்று வெட்டித் தள்ளுகிறார்கள். கேக்குக்கு அது வேண்டாம், பெரிய கொய்யாதான்.

நம் வேலியில் லிலிகோய் இந்த வருஷம் நிறையக் காய்த்தது. அதைப் பறிக்கக் கூடாது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், பழுத்தால் தானே விழும். காலையில் காபி டம்ளரோடு போய்ப் புல்லில் தேடிப் பொறுக்குவது என் வேலை. பொறுக்கியதும் வெட்டாதே, இரண்டு மூன்று நாள் கூடையில் போட்டு வை என்பாள் ஆன்ட்டி. மஞ்சள் தோல் கிழவி கன்னம் மாதிரி சுருங்கின பிறகு வெட்டினால்தான் புளிப்போடு இனிப்பும் இருக்கும். கத்தி இறங்கும்போதே வாசனை சமையலறை தாண்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. கூழை வழித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்ப வழியில்லை, நீ வரும்போது இருக்கும்.

அங்கே என்ன செய்வாய் என்றால், லேக் தெருவில் மெக்சிகோக்காரர் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே உறைந்த பழக்கூழ் பாக்கெட் கிடைக்கும். லிலிகோய் என்று கேட்டால் முழிப்பார்கள். 'மரகுயா' என்று கேள். கொய்யாவுக்கு 'குவயாபா'. வெட்கப்படாதே. இங்கேயும் கொய்யாவைப் பிழிந்து வடிகட்டி கேக் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை, எல்லாரும் உறைந்த டின் ஜூஸ்தான். சர்க்கரை சேர்த்ததா சேர்க்காததா என்று மட்டும் பாக்கெட்டில் பார்த்துக்கொள்.

சரி, அளவுக்கு வருகிறேன். எட்டு அங்குல டின் மூன்று. இரண்டுதான் இருக்கிறது என்றால் மூன்றாவதைக் கடன் வாங்கு. கலந்த மாவைக் காத்திருக்க வைத்தால் நுரை அடங்கிவிடும், மூன்றும் ஒன்றாக ஓவனுக்குள் போகவேண்டும். மூன்று கிண்ணம் எடுத்து, ஒவ்வொன்றிலும் முக்கால் கப் கேக் மாவு, மூன்றில் ஒரு பங்கு கப் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. நடுவில் குழி பறித்து இரண்டரை மேஜைக்கரண்டி எண்ணெய், இரண்டு மஞ்சள் கரு, கால் கப் சாறு. ஒரு கிண்ணத்தில் கொய்யா, ஒன்றில் லிலிகோய். எலுமிச்சைக்கு மட்டும் பாதி சாறு, பாதி தண்ணீர். பச்சைத் தோலையும் துருவிப் போடு, வாசனையே அதில்தான். கட்டியில்லாமல் கலக்கி வை. கொய்யா வெந்ததும் மங்கி மண் நிறமாகிவிடும், அதனால் ஒரு சொட்டு ரோஸ் கலர் விடு. மற்ற இரண்டுக்கும் மஞ்சள், பச்சை. ஆன்ட்டி கை தாராளமாக விடுவாள். எனக்கு அது பிடிக்காது, பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரி இருக்கும்.

இப்போது ஆறு வெள்ளைக் கரு. இங்கேதான் நான் முதல் தடவை கவிழ்ந்தேன். பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடித்தேன். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம், பீட்டர் சூடாகி வாடை வருகிறது, கரு சோப்புத் தண்ணீர் மாதிரியே கிடக்கிறது. முட்டை பழசு என்று கடைக்காரனைத் திட்டினேன். ஆன்ட்டி வந்து கிண்ணத்தை விரலால் தடவிப் பார்த்தாள், சொரசொரவென்று தேய்ந்த பிளாஸ்டிக். எவ்வளவு கழுவினாலும் அதில் எண்ணெய் தங்கும், ஒரு துளி எண்ணெய் இருந்தால் வெள்ளைக் கரு எழாது. எவர்சில்வர் பாத்திரம் எடு. மஞ்சள் கரு ஒரு பொட்டுக்கூட விழக் கூடாது. அரை டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்கிற புளிப்புப் பொடியைப் போட்டு அடி. நுரைத்ததும் அரை கப் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவு. பீட்டரைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்கவேண்டும். அதோடு நிறுத்து. மேலே அடித்தால் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும்.

அந்த நுரையை மூன்றாகப் பங்கிட்டு, ஒவ்வொரு கிண்ணத்திலும் முதலில் ஒரு கரண்டி போட்டுத் தாராளமாகக் கலக்கு, அது மாவைத் தளர்த்த. மீதியைப் போட்ட பிறகு கலக்காதே. அடியிலிருந்து வாரி மேலே போடு, கிண்ணத்தைத் திருப்பு, மறுபடி வாரு. வெள்ளைக் கோடு மறைந்ததும் கையை எடுத்துவிடு. 325 டிகிரி ஃபாரன்ஹீட், 25 நிமிஷத்துக்கு மேல் பார். விரலால் அழுத்தினால் திரும்பி எழும்ப வேண்டும். அதுவரை கதவைத் திறக்காதே.

கிரீம் உனக்குத் தெரிந்ததுதான். மூன்று கப், கால் கப் சர்க்கரை. வெள்ளிக்கிழமை இரவே செய்து எடுத்துப் போகிறாய் என்பதால் இரண்டு டீஸ்பூன் ஜெலட்டினை மூன்று கரண்டி குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, லேசாகச் சூடு காட்டி உருக்கி, கைச்சூட்டுக்கு ஆறியதும் அடிக்கிற கிரீமில் மெல்ல ஊற்று. கார் குலுங்கினாலும் சரியாது.

மேலே ஊற்றுகிற பளபளப்புதான் இந்தக் கேக்கின் முகம். அரை கப் கொய்யாச் சாறு, இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு மேஜைக்கரண்டி கார்ன்ஃப்ளார். கலக்கிவிட்டு அடுப்பில் வைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டு. லிலிகோய்க்கும் அப்படியே, சர்க்கரை கொஞ்சம் கூட. எலுமிச்சைச் சாற்றை மட்டும் முதலில் ஊற்றாதே. புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கார்ன்ஃப்ளார் நீர்த்துப்போகும். தண்ணீரும் சர்க்கரையும் வைத்துக் கெட்டியாக்கி, இறக்கியபின் சாறு விடு. மூன்றும் ஆறினதும், மூன்று கேக்கையும் அடுக்கிக் கிரீம் பூசி, அதன் மேல் கிரீமால் இரண்டு வரப்பு கட்டி, பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி ஊற்று. சூடாக ஊற்றினால் வரப்பு உடைந்து மூன்றும் ஒன்றாகிவிடும்.

2009-ல் ஆச்சி வந்திருந்தபோது, கேக்கில் முட்டை என்றதும் தட்டைத் தள்ளிவிட்டாள். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது என்று அம்மா உளறியதும் கிரீமும் போயிற்று. கடைசியில் சட்டியில் ஒட்டியிருந்த கொய்யாப் பாகை மட்டும் வழித்துக் கொடுத்தோம். மறுநாள் காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்ள அதைக் கேட்டாள். ஊருக்குப் போகும்வரை தினமும் அதைக் கிண்டினேன். நேற்று போனில் உன் கதையைச் சொன்னேன். "அந்தப் பையன் வீட்டில் முட்டை சாப்பிடுவாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். மினசோட்டாக்காரர்கள் எல்லாம் சாப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவனைப் பற்றி நீ மூன்று தடவை பேசினாய், மூன்று தடவையும் நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டேன். அது எனக்கும் தெரியும். சனிக்கிழமை அவன் அப்பா அம்மாவுக்கு முதல் துண்டு வெட்டிக் கொடு. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டு, அப்போதுதான் மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும். அவன் மூன்று அடுக்கையும் ஒரே கரண்டியில் எடுக்கிறானா, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தின்கிறானா என்று பார்த்து எழுது. அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கவிழ்ப்பதற்கு முன் டம்ளர் மூன்றும் ஒரே உயரமா என்று பார்த்துக்கொள்.