எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட ஞாயிறு ஆள் வருகிறார்

அனைவருக்கும் வணக்கம். மூட்டம் இறங்கினால் ஏற்காட்டில் பாத்ரூம் சுவர் காய்வதே இல்லை, கூரை மூலையெல்லாம் கறுப்பாகப் பூசணம் என்று பலரும் சொல்லியிருந்தீர்கள். சேலத்திலிருந்து எலக்ட்ரீசியன் ஒருவர் ஞாயிறு காலை 9 மணிக்கு சுவரில் வட்டமாக ஓட்டை போடும் கோர் கட்டிங் மெஷினோடு வருகிறார். ஒரே ஒரு வீட்டுக்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரமாட்டாராம், அதனால் வேண்டியவர்கள் வெள்ளிக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.

போன வருஷம் கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் தெரிந்த பையனை விட்டு மாட்டினேன். உளியால் கொத்தியதில் உள்பக்கம் 6 அங்குலம், வெளிப்பக்கம் ஒரு அடிக்குப் பூச்சு பெயர்ந்தது. ஓட்டையும் உள்நோக்கிச் சரிவு. சாரல் அடித்தால் மோட்டார் மேலேயே சொட்டும். இரண்டே மாதத்தில் ஃபேன் போய்விட்டது. ஓட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும், வெளியே ஷட்டரும் (ஃபேன் நின்றால் மூடிக்கொள்ளும் தகடு) வேண்டும். இதை எலக்ட்ரீசியனிடம் நின்று கேட்டு வாங்குங்கள்.

சின்ன பாத்ரூமுக்கு 6 அங்குல ஃபேன் தாராளம். ஷவருக்கு நேர் மேலே வேண்டாம். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும், கீசர் லைனிலிருந்து இழுக்க விடாதீர்கள். அப்புறம், கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கிறதா பாருங்கள். காற்று உள்ளே வர வழியில்லை என்றால் ஃபேன் சும்மா சத்தம்தான் போடும்.

கூலியை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஓட்டை போடுவது தனிக் கணக்கு.