'மா' என்பது ஒரே சொல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் 'மா' என்னும் முன்னொட்டுக்கு ஒரே வரியில் விளக்கம் வந்திருந்தது: 'மகா' என்ற வடசொல்லின் சுருக்கம், பொருள் 'பெரிய'. எடுத்துக்காட்டாக மாநகரம், மாவட்டம், மாமரம், மாநிறம், மாகாணி ஆகியவை தரப்பட்டிருந்தன. இந்த ஐந்தில் முதல் இரண்டில்தான் 'பெரிய' என்ற பொருள் இருக்கிறது. மற்ற மூன்றிலும் இருப்பவை வேறு வேறு 'மா'க்கள். பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் அது. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

திருக்குறளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். 'தம்மின்தம் மக்கள் அறிவுடைமை மாநிலத்து மன்னுயிர்க் கெல்லாம் இனிது' என்கிறது 68ஆம் குறள். இங்கே மா என்றால் பெரிய; மாநிலம் என்றால் இந்தப் பெரிய உலகம். இன்று மாநிலம் என்றதும் சட்டமன்றமும் முதலமைச்சரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 'தமிழ்நாட்டு மக்களுக்கெல்லாம் இனிது' என்று தேர்வில் உரை எழுதிய மாணவர்கள் என்னிடம் படித்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அவர்கள் அறிந்த மாநிலம் அதுதானே.

617ஆம் குறளில் 'மடியுளாள் மாமுகடி' என்று வருகிறது; மடி என்றால் சோம்பல், முகடி என்றால் மூதேவி. இதற்குப் 'பெரிய மூதேவி' என்று சொன்னால் பொருள் தவறிவிடும். பரிமேலழகர் 'கரிய சேட்டை' என்று உரை எழுதினார்; சேட்டை என்பதும் மூதேவியின் பெயரே. இந்த மா கருமையைக் குறிப்பது. 814இல் வரும் 'கல்லாமா' பழக்கப்படாத குதிரை. 969இல் வரும் 'கவரிமா' ஒரு விலங்கு, இமயத்துப் பனிமலைகளில் வாழும் சடை மாடு. நம் பேச்சில் அது கவரிமானாகி, ஒரு முடி உதிர்ந்தாலும் உயிரை விடும் புள்ளிமான் என்பதாகப் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டது. பெரிய, கரிய, குதிரை, விலங்கு என நான்கு பொருளில் ஒரே எழுத்தை ஒரு நூலிலேயே காண்கிறோம். இவற்றுள் எதை 'மகா'வின் சுருக்கம் என்பது?

கருமையைக் குறிக்கும் மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாயோன், மால் என்பவை கரிய நிறத்துக் கடவுளின் பெயர்கள். பெண்ணின் மேனி நிறத்தைச் சங்கப் புலவர்கள் 'மாமை' என்றார்கள். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமைக் கவின் தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல், பிரிவால் மேனியில் படரும் வெளிறிய நிறமான பசலைக்கு இரையாகிறதே என்று வருந்துகிறாள். இழந்துவிடக்கூடாத அழகாக அவள் எண்ணியது அந்தக் கருமை கலந்த நிறத்தைத்தான். நம் வீடுகளில் 'பொண்ணு மாநிறம்' என்று சொல்லும்போது அந்தப் பழைய மாவே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் திருமண விளம்பரங்களில் 'மாநிறம்' என்பதைக் குறையைப் பூசி மெழுகும் சொல்லாகப் போடுகிறோம். ஒரு காலத்தில் அழகின் பெயராக இருந்த சொல் இப்படி ஆனது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, எழுத்து ஒன்றாக இருக்கும்போது எந்த மா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் மொழி இதற்கு அழகாக வழி வைத்திருக்கிறது: பின்னால் வரும் சொல்லோடு அது எப்படிச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். மாமரத்து மா என்றால் இடையில் மெல்லெழுத்து வரும்: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு, மாந்தளிர். அரைத்த மாவு என்றால் வல்லெழுத்து மிகும்: மாக்கோலம், மாப்பண்டம். பெரிய என்ற பொருள் என்றால், இன்றைய வழக்கில் எதுவும் மிகாது: மாகவி, மாபெரும். சங்கப் பாடல்களில் மாக்கடல் என்று மிகுந்தும் வரும். அதை மறைக்க வேண்டியதில்லை. உயிரெழுத்து வரும்போதும் வேறுபாடு உண்டு. மரத்தின் இலை மாவிலை. பெரிய உலகமோ மாயிரு ஞாலம். முன்னதில் வகரம், பின்னதில் யகரம்.

தொல்காப்பியரே மரத்தின் பெயரை 'மாமரக் கிளவி' என்று தனியே சுட்டி, விலங்கைக் குறிக்கும் மாவுக்கு னகர ஒற்று வரும் என்று வேறு விதி சொல்கிறார். ஆன்கோடு, மான்கோடு என்பவை அதற்கு உரைகாரர்கள் காட்டும் சான்றுகள். இரண்டும் ஒரே சொல்லாக இருந்தால் இரண்டு விதிக்கு அவசியம் என்ன? இந்த இடத்தில் ஓர் ஒற்று செய்யும் வேலையைப் பாருங்கள்: மாக்கோலம் என்றால் அரிசி மாவால் போட்டது, மாகோலம் என்றால் பெரிய கோலம். மார்கழி மாதச் சிறப்பிதழ்களில் இவை மாறி மாறி அச்சாகின்றன. சுவரொட்டிகளில் 'மாப்பெரும் பொதுக்கூட்டம்' என்ற பிழையையும் பார்க்கிறோம்.

நாங்கள் மாவு என்பதை இலங்கைத் தமிழர்கள் மா என்றே சொல்கிறார்கள்: அரிசி மா, கோதுமை மா. பழைய வடிவம் அங்கே தேயாமல் இருக்கிறது.

மாகாணிக்கு வருகிறேன். இதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. தமிழ்ப் பின்ன எண்ணில் மா என்பது இருபதில் ஒரு பங்கு, காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதுவே மாகாணி. அரைமா நாற்பதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று, நாலுமா ஐந்தில் ஒன்று. இங்கே 'பெரிய' என்ற பேச்சுக்கே இடமில்லை; சொல் குறிப்பது ஒரு சிறு பங்கை. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி என்னும் பெரிய அளவில் தொடங்கி மா, காணி, அவற்றினும் சிறிய பங்கான முந்திரிகை வரை பகுத்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் இன்றும் வயலை மாக்கணக்கில்தான் பேசுகிறோம். 'அவருக்கு மூணு மா நெலம் இருக்கு' என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். பன்னிரண்டடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் அந்த நிலத்துக்கு மா என்று பெயர். பட்டாவில் ஹெக்டேர் என்று எழுதினாலும் நடவு ஆள் கூலியும் அறுப்பு வாடகையும் பேசும்போது வாயில் வருவது மாதான்.

இனி மூலம் பற்றி. 'மகா' என்பதிலிருந்து வந்த மா தமிழில் இல்லை என்று நான் சொல்லவில்லை. மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன். அது மகாமல்லன் என்ற பட்டம். சோழ அரசி செம்பியன் மாதேவியின் பெயரில் இருப்பதும் மகாதேவியே. மாவலி மன்னன் மகாபலி. இலங்கையின் மாவலி கங்கைக்கு அந்த மன்னனோடு உறவில்லை. அது சிங்களத்தில் மஹவெலி, வெலி என்றால் மணல். தமிழ் நாவில் இரண்டும் மாவலியாகிவிட்டன. ஆனால் மாநிலம், மாமலை, மாமழை எனச் சங்க காலம் தொட்டுத் தமிழ்ச் சொற்களோடு ஒட்டி நிற்கும் மாவும், மாண்பு, மாட்சி என்னும் சொற்களின் உறவும், தமிழிலேயே பெருமையைக் குறிக்கும் மா ஒன்று இருந்ததைக் காட்டுகின்றன என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஓடைகளும் ஒன்றாகிவிட்ட பிறகு எல்லா நீரும் ஒரே ஊற்றிலிருந்து வந்தது என்று எழுதுவது முறையாகாது. எல்லா மாவும் தூய தமிழே என்று எழுதினாலும் இதே கடிதத்தை அனுப்பியிருப்பேன். வட்டம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரியதை மாவட்டம் என்று அமைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் எவ்வளவு பொருத்தமான இணைச் சொற்கள்!

அடுத்த இதழில் ஐந்து சொற்களையும் பிரித்துக் காட்டித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடம் இருந்தால் மா, குழி, வேலி அளவுகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். குழியின் அளவு ஊருக்கு ஊர் கோலைப் பொறுத்து மாறும். ஆகவே மற்ற மாவட்ட வாசகர்களிடமும் அவரவர் ஊர்க் கணக்கை எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வயலைக் கோல் போட்டு அளந்த பெரியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.