கணக்கில் வராத ஆட்டங்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து எல்லோரும் நிம்மதி அடைந்தோம். இங்கே கச்சான் காற்று அனலாக வீசுகிறது. வெயில் தாழ்ந்த பிறகே பிள்ளைகள் டச் பே கடற்கரைக்கு மட்டையோடு இறங்குகிறார்கள்.

கிரிக்கெட்டில் இடதுகை ஆட்டக்காரர் சங்கக்காரவோடு அந்தக் காலத்துத் துடுப்பாட்ட வீரர் சதாசிவத்தை ஒப்பிடுவதே முறையல்ல என்று நீ எழுதியிருந்தது இரண்டு நாட்களாக என் மனதை விட்டு அகலவில்லை. சங்கக்காரவின் 134 டெஸ்ட் போட்டிகள், 12,400 ஓட்டங்கள், 57.40 சராசரி, 38 சதங்கள் என்று நீ அடுக்கிய எண்களில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. நம் நாட்டின் மிகப் பெரிய டெஸ்ட் துடுப்பாட்ட வீரர் சங்காதான். ஆனால் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது 1982 இல். சதாசிவமோ 1977 இலேயே காலமாகிவிட்டார். 1948 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பு ஓவல் மைதானத்தில் ஒரு நாள் ஆடியபோது, நம் அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். அன்றைய ஆடுகளம் 22 கஜத்துக்குப் பதிலாக 20 கஜம் நீளமே இருந்ததாம். ஆடுகளத்தையே சரியாக அளக்காத காலத்தில் ஆடியவரைச் சராசரியை மட்டும் வைத்து எப்படி அளப்பது?

1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்களை நீயும் அறிவாய். எனக்கு அதைவிடப் பெரிய சான்று அப்பா. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த நாட்களில் சதாசிவத்தின் கழகமான தமிழ் யூனியன் ஆடிய ஆட்டங்களைத் தவறவிடாதவர் அவர். எங்கள் பரீட்சைப் பெறுபேறுகளுக்கே "பரவாயில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாத மனிதர், பந்தைக் கடைசி நொடி வரை வரவிட்டுப் பின்பக்கம் தட்டிவிடும் சதாவின் லேட் கட் என்றதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிடுவார். தடியைத் தளர்வாகப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். பந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போய்விட்டது என்று நாங்கள் நினைத்த பிறகு, மணிக்கட்டு மட்டும் மெல்லத் திரும்பும்.

சங்காவின் ஆட்டங்களிலும் நான் உயர்வாகக் கருதுவது உன் பட்டியலில் இல்லை. 2007 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹோபார்ட்டில், 507 என்ற இலக்கை நோக்கி அவர் எடுத்த 192 ஓட்டங்கள் அது. அந்த இறுதி நாள் விடியற்காலையில் அப்பாவும் நானும் தொலைக்காட்சியின் முன் இருந்தோம். மறுமுனையில் விக்கெட்டுகள் விழ விழ அவர் இன்னும் வேகமாக அடித்தார். கடைசியில் பந்து மட்டையில் படாமல் தோளிலும் தலைக்கவசத்திலும் பட்டுப் பிடிபட்டதற்கு நடுவர் கையை உயர்த்திவிட்டார். பிறகு அதற்காக மன்னிப்பும் கேட்டார். நாம் 96 ஓட்டங்களால் தோற்றோம். சங்காவின் 11 இரட்டைச் சதங்களில் அந்த ஆட்டம் சேராது. ஆனால் அந்த 11 இல் எதையும் அதற்கு மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று அப்பாவுக்கு 82 வயது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு நான் தேநீர் எடுத்து வந்தபோது அவர் முற்றத்தில் நின்றார். கைத்தடியை முதல் தடவையாக இடதுகை ஆட்டக்காரரைப் போல மாற்றிப் பிடித்து, முன்காலை நீட்டி, கவர் திசையை நோக்கி மெதுவாக வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அவசியம் வா. அந்தத் தடி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்