காடியை விற்பதற்கு முன் இதைப் படி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீ, மருமகள், சின்னவன் எல்லாரும் சுகம்தானே? போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "வித்துடுங்கம்மா, புதுசு எடுத்துக்கலாம்" என்று முடித்து விடுகிறாய். வேலை அவசரம், உன்மேல் குறை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்து நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாயே, அப்போது நிதானமாகப் படி. அந்த ஹைப்ரிட் காடி, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற கார், உன் பெயரில் இருக்கிறது. நீ சரி என்று சொல்லாமல் நான் ஒன்றும் செய்ய மாட்டேன்.

போன மாதம் ஈப்போவுக்குப் போய்க் கொண்டிருந்தேன். செம்மோர் தாண்டும்போது சிவப்பு முக்கோணம் எரிந்தது. பின் இருக்கைக்கு அடியில் காற்றாடி பலமாகச் சுற்றியது. திரையில் பேட்டரி கோடு கடகடவென்று அடிமட்டத்துக்கு இறங்கியது, ஐந்து நிமிடத்தில் மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன்.

பட்டறையில் கணினியை மாட்டிப் பார்த்தார்கள். பி0ஏ80 என்று வந்தது. பெரிய பேட்டரியை மாற்று என்று அர்த்தமாம். நான் அதோடு விடவில்லை, திறந்து காட்டச் சொன்னேன். பின் இருக்கையைக் கழற்றினார்கள். உள்ளே புத்தக அலமாரியில் அடுக்கியது போல 20 பேட்டரிக் கட்டைகள். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் சேர்ந்து 144 வோல்ட். மெக்கானிக் தம்பி ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். நடுவில் இருந்த ஒன்று வயிறு உப்பிப் போயிருந்தது. இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைப் பாசி போலக் களிம்பு.

அப்புறம் அந்தக் காற்றாடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். இறக்கை தெரியாத அளவுக்குத் தூசி, கம்பளி மாதிரி அப்பியிருந்தது. செம்பனை லாரிகள் கிளப்புகிற செம்மண், என் தலைமுடி, பூச்சரத்து நார் எல்லாம் அதில் இருந்தன. பேட்டரிக்குக் காற்று போகும் வழி பின் இருக்கை ஓரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் இத்தனை வருடமும் அரிசி மூட்டையையும் சந்தைப் பையையும் வைத்து வந்தேன். இந்த வகை பேட்டரிக்குச் சூடுதான் எமன். நம் ஊர் வெயிலில் காற்றும் இல்லாமல் அது 12 வருடம் உழைத்ததே பெரிது. இனி அந்த ஓரத்தில் எதையும் வைப்பதில்லை.

உப்பிய கட்டையை மட்டும் மாற்றினால் 900 வெள்ளியில் (ரிங்கிட்) முடியும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற 19 கட்டைகளுக்கும் அதே வயதுதான். இன்று ஒன்றை மாற்றினால் நான்கு மாதத்தில் பக்கத்துக் கட்டை போகும். முழுதாகப் புதிய பேட்டரி போட 5,800 வெள்ளி, 2 வருட உத்தரவாதம்.

நீ சொன்னபடி விற்பனைக்கும் கேட்டுப் பார்த்தேன். பேட்டரி போன நிலையில் 11,000 வெள்ளி, பேட்டரி நன்றாக இருந்தால் 18,000 வரை தருவோம் என்றார்கள். ஆக, விற்பதாக இருந்தாலும் முதலில் பேட்டரியை மாற்றிவிட்டு விற்பதுதான் புத்தி.

ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் மிச்சம், அதனால் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அரசாங்கத்தின் பெட்ரோல் மானியத் திட்டம் புடி 95 வந்த பிறகு லிட்டர் 1 வெள்ளி 99 காசு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கிறது, செலவு 100 வெள்ளி. லிட்டருக்கு 14 ஓடுகிற சாதாரண காடிக்கு 142 வெள்ளி ஆகும். மாதம் 42 வெள்ளி மிச்சம் பிடித்து 5,800-ஐ எடுக்க 11 வருடத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணக்கு நிற்காது.

நிற்கிற கணக்கு வேறு. நீ சொல்கிற புதுக் காடி 50,000 வெள்ளி. 5,000 முன்பணம் போக, மீதிக்கு 9 வருடக் கடன், முழுக் கடனுக்கும் வருடம் 3 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 530 வெள்ளி. பேட்டரிக் காசு அந்தத் தவணையில் 11 மாதம்தான். பேட்டரி 2 வருடம் தாங்கினாலே நமக்கு நஷ்டம் இல்லை. எனக்கு 66 வயது, அந்தக் கடன் முடியும்போது 75. கட்டப் போவது நீதான் என்று தெரியும். ஜொகூர் வீட்டுக் கடன் இருக்கிறது, சின்னவன் அடுத்த வருடம் பள்ளிக்குப் போகிறான். 2013 கடைசியில், வருடம் முடிந்தால் ஹைப்ரிட் காடிக்கு வரிவிலக்கு போய்விடும் என்று ஓடி ஓடி 97,000-க்கு இதை எடுத்தாய். 9 வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டினாய். ஓவர்டைம் செய்து கட்டினாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இன்னொரு 9 வருடத்தை உன் தலையில் ஏற்ற எனக்கு மனசு இல்லை.

நடுவழியில் நின்றுவிடும் என்ற உன் பயம் நியாயமானது. அதனால்தான் அப்பாவின் 555 குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதல் சர்வீசிலிருந்து எல்லாத் தேதியும் அவர் எழுத்தில் இருக்கிறது, அவருக்குப் பிறகு என் எழுத்தில். 168,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்ஜினில் ஒழுகல் இல்லை. பிரேக் கட்டை இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. வேகம் குறையும்போது மோட்டாரே பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்வதால் அது தேய்வது குறைவாம். ஆனால் ஒன்று சொல்லி விடுகிறேன். நாளைக்கு பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வர்ட்டரோ பிரேக் பம்போ போனால், அதற்கு ஒரு காசு செலவழிக்க மாட்டேன், விற்றுவிடுவேன். அப்போது நீ சொல்கிற காடியை வாங்குவோம், சின்னதாக.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. லயத்துப் பக்கத்து வீட்டு அக்காவை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிசுக்கு நான்தான் சுங்கை சிப்புட் டவுனுக்குக் கூட்டிப் போகிறேன். விடியற்காலையில் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. காடி பட்டறையில் நின்ற 11 நாளில் அவர் வாடகைக் காடிக்குக் காசு கொடுத்துப் போனார். பிள்ளைகள் அனுப்புவதே கொஞ்சம். ஒரு நாள் வாடகைக் காடி வரவில்லை, அந்த முறை தவறிப் போனது. மறுநாள் கால் இரண்டும் வீங்கி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நீ பள்ளி விட்டு வந்ததும் உனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தவர்.

இப்போது பழைய பேட்டரியைத் தற்காலிகமாகச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள், தோட்டத்துக்கும் டவுனுக்கும் மட்டும் ஓட்டுகிறேன். பாதிப் பணம் என் சேமிப்பில் இருக்கிறது, மீதியை நீ கொடுத்தால் போதும். முடியாவிட்டால் சொல், நான் கூட்டுறவுப் பணத்தை எடுத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமைக்குள் பதில் சொல், ஐயா. வியாழக்கிழமை காடியைப் பட்டறையில் விட்டால் சாயந்திரமே திரும்பி விடும். அக்காவுக்கு அதற்கு அடுத்த முறை வெள்ளிக்கிழமை, காலை 6 மணிக்கு.

அன்புடன்,
அம்மா