கல்லுக்கு அடியில் யாரும் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாத்திரைதான் ஒழுங்காகப் போடமாட்டேன் என்கிறார்.

போன வாரம் பென்ஷன் விஷயமாகச் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குப் போனேன். பதினொரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. 28 வருஷம் அங்கே வேலை பார்த்தும் புனித மேரி தேவாலயத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. நமக்கென்ன அங்கே என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு என்னவோ போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு லீவு நாளில் உன்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தேவாலயத்தின் முற்றத்தில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களில் நொண்டியடித்து விளையாடினாய். "செத்தவங்க தலைமேல மிதிக்கிறியேடா" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அந்த அடியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கற்களுக்கு அடியில் யாருமே இல்லையாம்!

ஆங்கிலேயர்களின் இடுகாடு இருந்தது கோட்டைக்கு வெளியே, பழைய சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில். 1758 கடைசியில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான கல்லறைகள் அவர்களுக்கு நல்ல மறைவாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் முதல் வேலையாக அவற்றை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேயாவது சும்மா விட்டார்களா? 1782இல் ஹைதர் அலி வந்துவிடுவார் என்ற பயத்தில் கற்களைப் பெயர்த்து, கோட்டை மதில்மேல் பீரங்கிக்கு மேடை போட்டார்கள். பிற்பாடு திரும்பவும் கொண்டுவந்து பதித்தார்கள். ஒரு கல்லில் 1652 என்று இருக்கிறது, எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. தேவாலயம் திறந்ததே 1680 அக்டோபர் 28இல்தான். இதை யோசித்திருந்தாலே உன்னை அடித்திருக்கமாட்டேன்.

இடிக்காமல் விட்ட கல்லறை ஒன்று சட்டக் கல்லூரி வளாகத்திலேயே நிற்கிறது. எலிஹூ யேல் என்பவரின் மகன் டேவிட், நாலு வயதுகூட நிரம்பாத குழந்தை, அங்கே கிடக்கிறான். தாயின் முதல் கணவர் ஹின்மர்ஸ் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். அவர் இறந்த வருஷமே அந்த அம்மாள் யேலை மணந்தார். தேவாலயம் திறந்த ஒரு வாரத்தில் நடந்த முதல் கல்யாணம் அதுதான். அமெரிக்காவில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

1753இல் ராபர்ட் கிளைவுக்கும் இங்கேதான் கல்யாணம். நடத்திவைத்த பாதிரியார் யார் தெரியுமா? தமிழ் அகராதி தொகுத்த பப்ரிசியஸ்! கிளைவைவிட எனக்கு அவர்மேல்தான் மரியாதை.

உள்ளே இருப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் சிலையாகப் பார்ப்போமே, அந்தக் கவர்னர் மன்றோ உள்ளேதான் அடக்கம். 1827இல் காலரா கொண்டுபோன மனுஷர்.

சரி, உன் தொழிலுக்கு வருகிறேன். இந்தக் கட்டடத்தின் கூரை தட்டையாக இல்லை, உள்ளிருந்து பார்த்தால் குடைந்த பீப்பாய் மாதிரி. உத்தரம் கிடையாது, முழுக்கச் செங்கலும் சுண்ணாம்பும்தான். கூரை இரண்டடி கனம், வெளிச்சுவர் நாலடி. மேலே குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும், தீ பிடிக்கக்கூடாது, கரையான் ஏறக்கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். லாலியின் முற்றுகையிலும் அது விழவில்லை. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. சுண்ணாம்பு இறுகும்வரை அவ்வளவு பெரிய வளைவை எதன்மேல் நிறுத்தியிருப்பார்கள்? உன் சைட்டில் போடுகிற சென்ட்ரிங் மாதிரி அடியில் மரச்சாரம் கட்டித்தானே ஆகவேண்டும்? அப்புறம் அதை எப்படி இறக்கியிருப்பார்கள்? அண்ணாந்து பார்த்துக் கழுத்துதான் வலித்தது.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, எனக்குப் புரிகிற மாதிரி சொல்.

அன்புடன்,
அம்மா