தங்களுக்கு மட்டும் கேட்ட சுதந்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கக் கட்டுரையில், 'மதச் சுதந்திரத்தை அந்த மண்ணில் விதைத்தவர்கள் பியூரிட்டன்கள்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. வரலாற்றில் தங்களுக்கு உள்ள தேர்ச்சியை நெடுநாள் வாசகர்கள் அறிவோம். தங்கள் கண்ணைத் தாண்டி இது அச்சேறியதுதான் என்னை வருத்துகிறது.

பியூரிட்டன்கள் இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய கிறிஸ்தவர்கள். 1630இல் தங்கள் தலைவர் ஜான் வின்த்ராப்புடன் மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிய அவர்கள் தங்கள் விருப்பப்படி ஆராதிக்கத்தான் போனார்கள். மறு வருடமே, சபை அங்கத்தினர் அல்லாதவருக்கு வாக்குரிமை கிடையாது என்று சட்டம் போட்டார்கள். மனசாட்சி விஷயத்தில் அரசு தண்டிக்கக் கூடாது என்று சொன்ன ரோஜர் வில்லியம்ஸை 1635இல் நாடுகடத்தத் தீர்ப்பளித்தார்கள். கடுங்குளிரில் வெளியேறிப் போய் பிராவிடன்ஸ் ஊரை நிறுவியவர் அவர். அவரும் பக்தியில் இவர்களுக்குக் குறைந்தவர் அல்ல. அரசின் கை பட்டால் திருச்சபை கெட்டுவிடும் என்பதே அவருடைய பயம். வீட்டில் வேத வசனங்களைப் பற்றிக் கூட்டம் நடத்திய ஆன் ஹட்சின்சனுக்கும் 1637இல் அதே தீர்ப்புதான். 1651இல் பாஸ்டனில் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்டு பிரிவைச் சேர்ந்த ஒபதியா ஹோம்ஸுக்கு 30 கசையடி.

மேரி டையரை என்னால் இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் குவேக்கர்; போதகர் இல்லாமலே கடவுள் ஒவ்வொருவர் உள்ளத்திலும் பேசுகிறார் என்று நம்பிய கிறிஸ்தவப் பிரிவு அது. 1659 அக்டோபரில் அவரைத் தூக்குமேடையில் நிறுத்தி, கூட நின்ற இரு ஆண்கள் தூக்கிலிடப்படுவதைப் பார்க்க வைத்து, பிறகு விடுவித்து ஊரைவிட்டு அனுப்பினார்கள். விரட்டப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்ற சட்டத்தை எதிர்க்கவே அவர் மறுபடி பாஸ்டனுக்கு வந்தார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பாஸ்டனில் அரசு மாளிகை முன்னால் உள்ள அவர் சிலையைப் பார்த்து அழுதேன். தங்கள் கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை.

நான் பியூரிட்டன்களுக்கு விரோதி அல்ல. என் தாத்தா மதுரை அமெரிக்கன் மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். 1834இல் இங்கே வந்த அந்த மிஷனரிகள் பியூரிட்டன் வழிவந்த சபையார்தான். நல்லதையும் சொல்கிறேன். போதகர்கள் அங்கே அரசுப் பதவியில் அமரவில்லை. திருமணத்தை நடத்தி வைத்தது மாஜிஸ்திரேட். சபை ஒருவரைத் தண்டித்தாலும் அதனால் அவருடைய அரசுப் பதவி பறிபோகாது என்று 1641ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே எழுதினார்கள். இதையாவது கட்டுரை சொல்லியிருக்கலாம். ஆனால் அதே மாஜிஸ்திரேட்தான் உபதேசம் பிசகியவர்களைத் தண்டித்தார். சபைக்காக மக்களிடம் வரி வாங்கும் முறை மாசசூசெட்ஸில் முற்றிலும் ஒழிந்தது 1833இல்தான்.

கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்திலிருந்தே இந்தப் புண் ஆறவில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில், ரோஜர் வில்லியம்ஸைப் பற்றி அருமையாக எழுதிய ஒரு பிள்ளைக்கு, விடைக்குறிப்பில் அந்தப் பெயர் இல்லை என்று மதிப்பெண் மறுத்தார்கள். எவ்வளவோ வாதாடியும் கேட்கவில்லை. தாங்களும் நவம்பரில் அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள் வந்தால், இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே பிரிந்து 1620இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத் போய்ச் சேர்ந்த பிரிவினைவாதிகளையும் இந்தப் பியூரிட்டன்களையும் ஒரே கூட்டமாக்கி எழுதுகிறீர்கள். அதுபற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில் திருத்தம் முழுவதையும் வெட்டிவிட்டு, இதழைப் பாராட்டிய வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அந்தப் பாராட்டு உண்மையானது. அதனால்தான் வலித்தது.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள். மேரி டையரைப் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை,
மதுரை