பதினோரு நிமிடம்

மாப்ள,

நலம். வீட்டில் எல்லாரும் நலம்தானே? எட்டு மாதமாய் எழுதவில்லை. திட்டுவதென்றால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸில் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து நேற்று பார்படோஸ் வந்து சேர்ந்தோம். 2,700 கடல் மைல், பதினேழரை நாள். கப்பலில் இல்லை, 52 அடி மோட்டார் யாட்டில்! யாட் என்றதும் நுரை கக்கிக்கொண்டு பறக்குமே, அதை நினைக்காதே. இது நம்ம துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் படகுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொப்பை வயிறு, ஒற்றை மெயின் எஞ்சின், ஆறரை நாட் வேகம் (மணிக்கு ஆறரை கடல் மைல்). முத்துவின் மொபெட்டே முந்திவிடும்.

ஆனால் கணக்கைப் பார். டேங்க் 6,000 லிட்டர். ஆறரை நாட்டில் மணிக்குப் பதிமூன்று லிட்டர் டீசல் குடிக்கிறது. வேகத்தை எட்டு நாட் ஆக்கினால் இருபத்துநாலு. அப்படி ஓட்டியிருந்தால் கரைக்கு 700 மைல் இருக்கும்போதே டேங்க் காய்ந்திருக்கும். அமெரிக்கக் கடற்படையில் இருந்த ராபர்ட் பீபி 1963-ல், மெதுவாக ஓட்டி டீசலை மிச்சம் பிடிக்கும் இதே யோசனையில் ஒரு படகை சிங்கப்பூரில் கட்டி கிரேக்கம் வரை ஓட்டிப் போனார். ஆமாம், நாம் கப்பல் பழுதுபார்க்கும் டிரைடாக்கில் வெந்த அதே சிங்கப்பூர்.

கடல் தண்ணீர் மெயின் எஞ்சின் பக்கமே வராது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், படகின் அடியில் வெளியே ஓடும் குழாயில் சுற்றிக் குளிர்ந்து திரும்புகிறது. புகை நம் கப்பல் போலவே மேலே. சர்காசம் பாசி மைல் கணக்கில் மிதந்தது. ஜெனரேட்டருக்குக் கடல் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை தினம் நான் கழுவினேன், மெயின் எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை. செல்வம் சார் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

இனிமேல்தான் விஷயம். பதினோராம் நாள், இரவு 2:40. எஞ்சின் நின்றுவிட்டது. அந்த அமைதி உனக்குத் தெரியும். ஓட்டம் இருந்தால்தானே உருளாமல் தடுக்கும் ஃபின் வேலை செய்யும்? படகு பக்கவாட்டில் உருள ஆரம்பித்தது, சமையலறையில் ஏதோ உடைந்தது. துணைக்கு இருக்கும் குட்டி எஞ்சினை ஓனர் ஸ்டார்ட் செய்து படகை அலைக்கு நேராகத் திருப்பினார். எழுபத்தொரு வயது, கை நடுங்கவில்லை. எனக்கு நடுங்கியது. டீசல் ஃபில்டர் மாற்றி, குழாயில் புகுந்த ஏர் எடுத்து, மறுபடி ஓட்ட பதினோரு நிமிடம்.

"டீசலில் அழுக்கு" என்றேன். உண்மைதான். ஆனால் சாயங்காலமே ஃபில்டர் அடைக்கிறது என்று கேஜ் முள் சிவப்பைத் தொட்டிருந்தது மாப்ள. பக்கத்திலேயே இரண்டாவது ஃபில்டர், ஒரு லீவரைத் திருப்பினால் போதும். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போனவன் தூங்கிவிட்டேன். லாக் புக்கில் "ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

திருச்செந்தூர் ரோட்டில் நீ பெட்ரோல் போட மறந்ததை இருபது வருஷமாய்ச் சொல்லிச் சிரித்தேனே, அதை இன்றோடு வாபஸ் வாங்குகிறேன்.

அடுத்து பனாமா. அங்கிருந்து ஓனரும் அவர் மனைவியும் மட்டும் பசிபிக்கில் போகப் போகிறார்களாம். "உன்னிடம் கற்றுக்கொண்டது போதும்" என்று தோளில் தட்டினார். அதிலிருந்து தூக்கம் வரவில்லை. பனாமாவுக்குள் அவரிடம் சொல்லிவிடவா? பதில் போடு, சீக்கிரம்.

உன்,
சங்கரன்